மீன் தொட்டிக்கு வீட்டிலேயே ஒரு பின்சுவர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவில் இருக்கும். லயத்து வீட்டின் பின்புறம், விறகு அடுக்கியிருக்கும் இடத்தை ஒட்டி, வரிசையாக நான்கைந்து கண்ணாடிப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சண்டை மீன். இரண்டு போத்தல்களுக்கு இடையில் ஓர் அட்டைத் துண்டு செருகியிருக்கும். அந்த அட்டையை உருவினால் போதும், இரண்டு மீன்களும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோத ஆரம்பித்துவிடும். பையன்களுக்கு அது வேடிக்கை. அட்டையைத் திரும்பச் செருக மறந்துவிட்டால், மறுநாள் காலையில் இரண்டும் துவண்டுபோய்க் கிடக்கும். மீன் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது என்பது அந்தச் சிறுவர்களுக்கு யாரும் சொல்லாமலேயே தெரிந்திருந்தது.

இன்று அந்தச் சிறுவர்கள் தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். போத்தல் போய், வரவேற்பறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. விளக்கு உண்டு, நீரைச் சுத்திகரிக்கும் கருவி உண்டு, அடியில் வண்ணக் கற்கள்கூட உண்டு. அந்த அட்டை மட்டும் காணாமல் போய்விட்டது. நான்கு பக்கமும் கண்ணாடி. சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது அழகு. உள்ளே இருக்கும் மீனுக்கோ, நான்கு திசையும் திறந்துகிடக்கும் ஒரு பொட்டல்வெளி. ஓடையில் வாழும் மீனுக்கு முதுகுப் பக்கத்தில் கரை இருக்கும், வேர் இருக்கும், இலைச் சருகு இருக்கும். ஆள் நடந்தால், நிழல் விழுந்தால், அது ஓடி ஒட்டிக்கொள்வது அங்கேதான். கண்ணாடித் தொட்டியில் அது எங்கே ஓடும்? மூலைக்கு ஓடும். மூலையும் கண்ணாடிதான்.

போதாக்குறைக்கு, இரவில் வரவேற்பறை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் எரிய விட்டால் கண்ணாடி உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். சண்டை மீனைத் தனியாக வைத்திருக்கிறோமே, அது ஏன் இப்படிச் சீறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அது தன் நிழலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

நிறமும் இதில் அடங்கியிருக்கிறது. மீனின் தோலில் நிறமி நிறைந்த நுண்ணிய செல்கள் இருக்கின்றன. சுற்றுப்புறம் இருண்டிருந்தால் கருநிறமி செல் முழுவதும் பரவும்; வெளிறியிருந்தால் ஒரு புள்ளியாகச் சுருங்கிக்கொள்ளும். இந்தச் சங்கதியை நம் நாட்டு அரோவானா வளர்ப்பாளர்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா ஏரிக்குப் பெயர் வாங்கித் தந்த தங்க அரோவானாவை வெள்ளைத் தொட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதுகின் கருமை ஒடுங்கித் தங்க மினுமினுப்பு மேலோங்கித் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். சிவப்பு அரோவானாவை வைத்திருப்பவர்களோ கருநிறப் பின்னணியை நாடுகிறார்கள். ஆக, பின்னணி என்பது வெறும் ஜோடனை என்று நினைத்தால் தவறு. "கடையில் பார்க்கும்போது நல்ல நிறமாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் வெளுத்துவிட்டது" என்று கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன்னால், தொட்டிக்குப் பின்னால் இருப்பது வெள்ளையடித்த சுவரா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

சில வெள்ளியில் முடிகிற வேலை

இதற்கு மிக எளிய வழி, தொட்டியின் பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள் ஒட்டுவது. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று புகுந்தால் திட்டுத் திட்டாக வெள்ளி போல மின்னும். அதற்காகப் பிளாஸ்டிக் தாளாக வாங்கி, கண்ணாடியில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவி, பழைய வங்கி அட்டையால் வழித்து ஒட்டினால் தாள் கண்ணாடியோடு ஒன்றிப் போகும். இல்லாவிட்டால் கறுப்பு வண்ணத்தைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு முறை பூசிவிடலாம். தண்ணீரைத் தொடாத வண்ணம் என்பதால் மீனுக்கு ஆபத்தில்லை. பாதிப் பேருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தாளை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் மனித மனம் அவ்வளவில் நிற்பதில்லை. மீன் கடையில் பாறையும் வேரும் புடைத்துக்கொண்டு நிற்கும் பின்சுவரைப் பார்த்துவிட்டால் அது நம் தொட்டியிலும் வேண்டும் என்று தோன்றிவிடும். விலை கேட்டால் நூற்றுக்கணக்கில் சொல்வார்கள். "இதை நாமே செய்தால் என்ன?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. செய்யலாம். செலவும் குறைவுதான். பொறுமைதான் அதிகமாகச் செலவாகும்.

தீபாவளிக்குள் முடிக்க நினைத்த கதை

பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் வைத்துப் பார்ப்போம். ஓர் அடுக்குமாடி வீடு. ஓய்வுபெற்ற தாத்தா, பத்து வயதுப் பேரன். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு இரண்டு வாரம் இருக்கிறது. வருகிற உறவினர் எல்லாரும் தொட்டியைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது பேரனின் ஆசை. தாத்தாவுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

புதிதாக வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த வெள்ளை ஸ்டைரோஃபோம் கட்டைகள் வீட்டிலேயே கிடந்தன. பசாரில் ஐஸ் மீன் வரும் பெட்டிகளும் அதே பொருள்தான். தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம். தொட்டியின் மேல்விளிம்பில் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஓடுவதால், பின்சுவரை ஒரே துண்டாக உள்ளே இறக்க முடியாது. அதை முதலிலேயே அளந்து பார்த்து மூன்று துண்டுகளாகச் செய்தார்களே, அந்த மட்டும் புத்திசாலித்தனம். முழுச் சுவரையும் வீராப்பாகச் செதுக்கி முடித்து, கடைசியில் தொட்டிக்குள் நுழையாமல் பாதியாக அறுத்தவர்கள் எத்தனையோ பேர்.

செதுக்கும் படலம் வெளி நடைபாதையில் ஆரம்பித்தது. காற்று அடித்தது. மாலையில் மருமகள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது வீடு பனி பெய்தது போல இருந்தது.

"மாமா, தோசைக்கல்லுல கூட வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கு."

"கூட்டிடறேம்மா, கூட்டிடறேன்."

ஸ்டைரோஃபோம் துகள் துடைப்பத்துக்கு அடங்காது. அது எழும்பிப் பறக்கும், சட்டையில் ஒட்டும், கால்வாயில் விழுந்தால் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். அங்கே அதை இரை என்று விழுங்கும் உயிர்கள் உண்டு. ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்தியை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டு அறுத்தால் பறப்பது குறையும். கட்டையைப் பெரிய குப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கை விட்டுச் செதுக்கினால் இன்னும் நல்லது. சூடான கம்பியால் அறுத்தால் துகளே வராது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புகை நல்லதல்ல. மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். தெளிப்பு வண்ணம் அடித்துப் பார்க்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். அந்த வண்ணத்தில் உள்ள கரைப்பான் பட்ட இடத்தில் ஸ்டைரோஃபோம் சர்க்கரை போலக் கரைந்து குழி விழுந்துவிடும்.

செதுக்கியதற்கு மேல் சிமெண்டுப் பூச்சு. இதுதான் ஆப்பிரிக்க ஏரி மீன் வளர்ப்பவர்களிடையே வெகு காலமாக வழங்கிவரும் முறை. முதல் பூச்சு பால் போல நீர்க்க இருக்க வேண்டும், அப்போதுதான் சின்னச் சின்னத் துளைகளுக்குள் இறங்கும். இரண்டாவது, தோசை மாவுப் பதம். மூன்றாவது இட்லி மாவுப் பதம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி. நிறத்துக்கு இரும்பு ஆக்சைடுப் பொடி. செம்பு கலந்த நிறப்பொடியைத் தொடவே கூடாது, அது மீனுக்கும் இறாலுக்கும் விஷம். பூசியதை வெயிலில் வைத்துக் காய்ச்சுவது பலரும் செய்யும் தவறு. சிமெண்டு காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. எனவே ஈரம் தெளித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் மறக்கக் கூடாது. ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும்.

திங்கட்கிழமை பூச்சு முடிந்தது. வியாழக்கிழமை ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை தண்ணீர் நிரப்பினார்கள். சனிக்கிழமை மாலை மீன் கடையிலிருந்து இருபது ரஸ்போரா வந்தன. விடிந்தால் திறந்த இல்ல உபசரிப்பு.

அந்த மீனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹார்லிக்குயின் ரஸ்போரா என்று கடைகளில் சொல்வார்கள். செம்பு நிற உடம்பு, பின்பாதியில் ஆப்பு வைத்தது போல ஒரு கருப்பு முக்கோணம், நீளம் நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாது. 1904-ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த மீன் உலகம் முழுவதும் தொட்டிகளில் நீந்துகிறது. அதன் சொந்த ஊர் எது தெரியுமா? தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா. நம் காட்டு ஓடைகளும் சதுப்பு நிலங்களும்தான். அங்கே தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். இலையும் மட்டையும் ஊறி ஊறி அமிலத்தன்மை கூடியிருக்கும். கரி மண் சதுப்புகளில் பிஎச் அளவு 4-க்குக் கீழே இறங்குவதும் உண்டு. சுண்ணாம்புச் சத்து அநேகமாக இல்லாத மென்னீர் அது. அந்த மீனுடைய உடம்பு பழகியது அதற்குத்தான்.

சிமெண்டோ, சுண்ணாம்பின் மறுபெயர். புதுச் சிமெண்டு தண்ணீரில் ஊறும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு கசிகிறது. அதாவது நீற்றிய சுண்ணாம்பு. பிஎச் அளவில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு மாற்றம் என்று பொருள். 6-லிருந்து 9-க்கு ஏறினால் ஆயிரம் மடங்கு. நம் குழாய் நீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் அந்த ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தும் சக்தி அதற்குக் குறைவு. அதோடு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, காரத்தன்மை கூடக் கூட நச்சாக மாறும்.

ஞாயிறு விடியற்காலையில் பேரன்தான் முதலில் பார்த்தான். தண்ணீரின் மேல் மெல்லிய வெள்ளை ஏடு. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில, சிறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு சாய்ந்து நின்றன.

"தாத்தா, எல்லாம் மேல வந்து நிக்குது."

தாத்தா பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரம் தெளிந்தது போல இருந்தது. சுவர் அப்படியேதானே நிற்கிறது, அது திரும்பவும் கசிந்தது. காலை பத்து மணிக்கு இருபதில் மூன்று மட்டும் உயிரோடு இருந்தன. அவற்றை ஒரு வாளிக்கு மாற்றினார். விருந்தினர் வந்தபோது தொட்டியின் மேல் தாத்தாவின் வேட்டி ஒன்று மூடிக் கிடந்தது. என்ன இது என்று கேட்டவர்களுக்கு, "இன்னும் வேலை முடியல" என்று பதில் சொன்னார்கள். பையன் அன்று முழுவதும் முறுக்கைத் தொடவில்லை.

எந்த மீனுக்கு எந்தச் சுவர்

அந்தச் சுவர் கெட்ட சுவர் என்று சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி, தங்கனீக்கா ஏரி ஆகியவற்றின் பாறைக் கரைகளில் வாழும் சிக்லிட் மீன்களுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர்தான் வேண்டும். தங்கனீக்காவில் பிஎச் 9-ஐ ஒட்டியிருக்கும். சிமெண்டுச் சுவரை அந்த மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தி வெற்றி பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள்கூட நான்கு நாளில் மீன் விடுவதில்லை. தொட்டியில் நீர் நிரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முழு நீரையும் மாற்றி, மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை சுவரை ஊறப்போடுகிறார்கள். நம் ஊர் மீனுக்கு அதுவும் போதாது. நன்கு ஊறிய சுவரையும் அமில நீர் மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டே இருக்கும். குடிநீர்த் தொட்டிக்கு உகந்த எபோக்சிப் பூச்சை இரண்டு முறை அடித்துச் சிமெண்டை முழுவதும் அடைத்துவிடலாம். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் அங்கே கசியும்.

தாத்தா வேறு வழிக்குப் போனார். பழைய சுவரைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, சிமெண்டே இல்லாத சுவர். ஸ்டைரோஃபோமின் மேல் சிலிக்கோன் பசையைத் தடவி, அதில் உலர்ந்த ஆற்று மணலை அழுத்துவது. இதில் கரைந்து வருவதற்கு ஒன்றுமில்லை. ஆற்றங்கரை போன்ற தோற்றத்துக்கும் இதுதான் பொருத்தம். தென்னை நார்த்தூளை அங்கங்கே கலந்து அழுத்தினால் ஈர மண் போலவே இருக்கும். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், அதில் கிளிஞ்சல் இருக்கும், அதுவும் சுண்ணாம்புதான். ஒரு கரண்டி மணலில் நான்கு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த மணல் தோட்டத்துக்கு, நுரைக்காவிட்டால் தொட்டிக்கு. பாறை, கல் எதற்கும் இதே சோதனைதான்.

சிலிக்கோன் வாங்கும்போது ஹார்டுவேர் கடையில் குளியலறைக்கு என்று எழுதியிருப்பதைத் தவிர்க்க வேண்டும். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள். பூஞ்சணத்தைக் கொல்வது மீனை மட்டும் விட்டுவைக்குமா? மீன் தொட்டிக்கு உரியது என்று குறித்திருப்பதே நல்லது. தடவிய சில நிமிடங்களில் மேலே தோல் கட்டிவிடும், பிறகு மணல் ஒட்டாது. எனவே உள்ளங்கை அளவு இடத்தில் தடவு, மணலை அழுத்து, அடுத்த இடத்துக்குப் போ. பேரன் மணலை அள்ளிக் கொடுக்க, தாத்தா அழுத்த, மூன்று மாலைகள் ஆயின. வினிகர் போல ஒரு நெடி அடிக்கும், சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செதுக்கும்போதே யோசிக்க வேண்டியவை சில உண்டு. பொந்து வைத்தால் இரண்டு வாசல் வைக்க வேண்டும், அல்லது கைக்கு எட்டும் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒற்றை வாசலில் நுழைந்து செத்துப்போன மீனை எடுக்க முழுச் சுவரையும் பெயர்க்கும் நிலை வரக் கூடாது. படிக்கட்டு போன்ற தட்டுகள் அழகுதான், ஆனால் கழிவு அதில்தான் படியும். அதனால் தட்டுகளை முன்பக்கம் சரிவாக அமைப்பது நல்லது. நீர்க்குழாய் மறைய ஒரு பள்ளம் விடலாம், குழாயை உருவி எடுக்கும்படியாக. குழாயையே சுவருக்குள் புதைத்துவிட்டு, ஆறு மாதத்தில் அடைத்துக்கொண்டதும் முழிப்பவர்கள் ஏராளம். சுவர் எவ்வளவு பருமனாக வளர்கிறதோ அவ்வளவு தண்ணீர் குறைகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இந்தத் தொட்டி ஏறக்குறைய 182 லிட்டர் கொள்ளும். 8 சென்டிமீட்டர் பருமனில் சுவர் வைத்தால் 32 லிட்டர் போய்விடும். மீன்களுக்கான இடத்தில்தான் அது குறைகிறது.

பதினைந்து கிலோ மேல்நோக்கி

ஒட்டுவதில் அலட்சியம் காட்டினால் வருகிற விபத்து வேறு வகை. ஸ்டைரோஃபோம் மிதக்கும் பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு பலமாக மிதக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 90-க்கு 45, சராசரி 4 சென்டிமீட்டர் பருமன் என்றால் அந்தச் சுவரின் கன அளவு 16.2 லிட்டர். அதன் சொந்த எடை அரைக் கிலோவைத் தாண்டாது. ஆக, தண்ணீர் நிரம்பியதும் பதினைந்து கிலோவுக்கு மேலான விசை அந்தச் சுவரை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், இரவும் பகலும். பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றும் ஐந்து கிலோப் பை ஒன்றும் கட்டி, மேல்நோக்கித் தொங்கவிட்டது போல. நடு இரவில் சுவர் பிய்த்துக்கொண்டு எழும்பி, மேல்மூடியையும் விளக்கையும் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் தொட்டி காலியாக, காய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோ பாசியோ இல்லாமல் இருக்க வேண்டும். பழைய தொட்டி என்றால் சவரக் கத்தியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். பசையை நான்கு பொட்டு வைத்து நிறுத்தக் கூடாது. சுவரின் பின்பக்கம் முழுவதும் கோடு கோடாக இழுத்து, ஓரம் முழுக்கச் சுற்றி அடைக்க வேண்டும். ஓரத்தில் விரல் அளவு இடைவெளி இருந்தாலும் சிறிய மீன் அதற்குள் புகுந்துகொள்ளும், திரும்பி வரத் தெரியாது. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரும் நாறிப்போகும். இன்னொன்று: வினிகர் நெடி அடிக்கும் வகைச் சிலிக்கோன் அமிலத்தை வெளிவிடுவதால், சிமெண்டின் மேல் அது சரியாகப் பிடிக்காது. சிமெண்டுச் சுவர் செய்பவர்கள் பின்பக்கத்தையும் ஓரங்களையும் பூச்சில்லாமல் வெறும் ஸ்டைரோஃபோமாக விட வேண்டும். பருமனாகப் போட்ட பசை உள்வரை இறுக ஒரு வாரமாவது ஆகும். நெடி முழுவதும் போகும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது.

கடையில் வாங்கும்போது ஒரு மீனை மட்டும் தள்ளி வைக்க வேண்டும். பாசியைச் சுரண்டித் தின்பதால் நம்மவர்கள் இக்கான் பண்டாராயா, மாநகராட்சி மீன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதுதான். கண்ணாடியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கி விடுவோம். அது பெரிதாக வளர்ந்து, சொரசொரப்பான வாயால் சுவரைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே இருக்கும் ஸ்டைரோஃபோமை வெளியே கொண்டுவந்துவிடும். சுவர் இருக்கும் தொட்டியில் துப்புரவு வேலையை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வதுதான் சரி. சுவரில் படியும் மெல்லிய பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. ஓடைக்கரையும் பாசி பிடித்துத்தான் இருக்கிறது.

பக்கத்தில் ஒரு வாளி

இந்த முறை தாத்தா எந்தப் பண்டிகையையும் கணக்கில் வைக்கவில்லை. உயிர் பிழைத்த மூன்று மீன்களும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தன. சுத்திகரிப்புக் கருவியின் பஞ்சும் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. கழிவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிரிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. அதைக் காயப்போட்டால் தொட்டி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே, அதே குழாயிலிருந்து ஒரு வாளியிலும் பிடித்துத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, மீன் கடையில் விற்கும் பிஎச் சோதனைச் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார்கள். சுவர் எதையாவது கசியவிட்டால் இரண்டு குப்பிகளின் நிறமும் வேறுபடும். குழாய் நீரை மட்டும் அன்றைக்கன்று பிடித்துச் சோதித்தால் இது தெரியாது. குழாயிலிருந்து வந்த நீர் ஒரு நாள் நின்றாலே அதன் அளவு கொஞ்சம் மாறும். ஒரே வயதுள்ள இரண்டு நீரை ஒப்பிட்டால்தான் குற்றம் சுவருடையதா, நீருடையதா என்று தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டி நீரையும் வாளி நீரையும் சேர்த்தே மாற்றினார்கள். சிமெண்டு இல்லாத சுவர் என்பதால் இத்தனைக்கு அவசியமில்லைதான். ஆனாலும் பேரன் விடவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் குப்பிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

இரண்டாவது வாரம், குப்பிகள் இரண்டும் ஒரே நிறத்தில் நின்றன. தாத்தா இரண்டு கெத்தாப்பாங் சருகுகளைக் கழுவித் தண்ணீரில் போட்டார். நாட்டு வாதுமை மரத்தின் அந்த இலையைத்தான் அவர் சிறுவயதில் சண்டை மீன் போத்தலிலும் போடுவார். தண்ணீர் லேசாகத் தேநீர் நிறம் கொண்டது. சுவரின் அடியில், அகன்ற இலை வைத்த நீர்ச்செடி இரண்டை நட்டார். இந்த ரஸ்போரா முட்டையிடுவது அப்படிப்பட்ட இலையின் அடிப்பக்கத்தில்தான். மீன் தலைகீழாகத் திரும்பி இலையில் ஒட்ட வைக்கும்.

"மீனை விடலாமா ஐயா?"

பையன் குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தான்.

"நாளைக்கும் ஒரு தடவை பாத்துட்டு விடலாம், தாத்தா."

மறுநாள் மாலை மூன்று மீன்களையும் விட்டார்கள். அவை நேராகப் போய்ச் சுவரில் வேர் போலச் செதுக்கியிருந்த இடத்தை ஒட்டி நின்றுகொண்டன. அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு ஒன்று வெளியே வந்தது. அடுத்தது வந்தது. ஒரு வாரம் பொறுத்து, கடையிலிருந்து இன்னும் ஒன்பது வாங்கி விட்டார்கள். செம்பு நிறத்தின் மேல் அந்தக் கருப்பு முக்கோணம், மையால் வரைந்தது போல இருந்தது.